அரைவாசித் துவக்கு

"தம்பி, அரைவாசித் துவக்கு வைச்சிருந்தால் இஞ்சத்தைச் சட்டம் என்ன சொல்லுது?"

பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் ரயில் ஏறி உட்கார்ந்த கையோடு அப்பா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறியும் மீனும் வாங்குவதற்கான பைகள் மடித்தபடி அவர் மடியில் இருந்தன. பெட்டியில் எங்களைத் தவிர வேறு தமிழ் முகம் இல்லை. அதைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"அதென்னப்பா அரைவாசித் துவக்கு? அரைவாசிக் கோழி மாதிரியோ?" என்று சிரித்தேன். துப்பாக்கியைப் பாதியாக யார் வைத்திருப்பார்?

அப்பா சிரிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே ஓடிய பண்டகசாலைச் சுவர்களைப் பார்த்தபடி இருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து மேலே படித்த முதல் ஆள் நான். அப்பா மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா அதற்கும் முன்பே நின்றுவிட்டார். நான் சட்டம் படித்து ஒரு பெண் வழக்கறிஞரின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து எங்கள் சனத்தின் சந்தேகங்கள் எல்லாம் என்னிடம் வரும். அவர்கள் சட்டம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவரும் தனக்கென்று கேட்கமாட்டார்கள். "தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், அவருக்கொரு பிரச்சினை" என்றுதான் தொடங்குவார்கள். அந்த ஒராள் எப்போதும் கேட்பவர்தான். இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டே அந்த ஒராளைப் பற்றி மரியாதையாகக் கதைத்து முடிப்போம். அப்பா தன்னுடைய பல்லு வைத்தியத்துக்குக் காப்புறுதி வருமா என்பதைக்கூட ஒராளுக்காகத்தான் கேட்பார். அன்றைக்கு அவர் 'ஒராள்' என்ற சொல்லைச் சொல்லவில்லை. என் சிரிப்பு அதில்தான் நின்றது.

முந்தின வாரம் ஒரு கடிதம் வந்திருந்தது. அப்பா நெடுங்காலமாக அகதி அட்டையில் இருப்பவர். குடியுரிமைக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பி அனுப்பியிருந்தேன். விசாரணைக்கு அழைப்போம், தேவையென்றால் வீட்டுக்கும் வருவோம் என்றது கடிதம். அம்மா திரைச்சீலைகளைத் தோய்க்கத் தொடங்கினார். அப்பாவுக்கு அந்தக் கடவுச்சீட்டு ஒரே காரியத்துக்குத்தான் தேவைப்பட்டது. மன்னாரில் அவருடைய அக்காவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. "முழுக்க இருட்ட முன்னம் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அகதி அட்டையோடு அங்கே போக முடியாது.

லா சப்பலில் நாங்கள் முதலில் போவது தேத்தண்ணிக் கடைக்கு. அப்பாவுக்கு அங்கே ஒரு மேசை உண்டு. கண்ணாடியோரம், தெருவைப் பார்த்தபடி. அதில் வேறு யாரும் இருந்தால் அவர்கள் எழும்பும் வரைக்கும் வாசலில் நிற்பார். சிறுவயதில் எனக்கு அது பெரிய தொல்லை. அப்பாவுக்குத் தெருப் பார்க்க விருப்பம் என்று நினைத்திருந்தேன். அன்று மேசை காலியாக இருந்தது. அப்பா தேத்தண்ணியைத் தொடாமல் குரலைத் தாழ்த்திக் கதையைச் சொன்னார்.

கலியாணத்துக்கு முன்பு அவர் பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்ற மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையோரம் ஓர் அறையில் பலரோடு இருந்தார். அதில் அவருடைய கரையைச் சேர்ந்த பெடியன் ஒருத்தன், அவரைவிட இளையவன். இருவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். அந்தக் காலத்தில் லா சப்பலில் பெடியள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து அடிபடுவார்கள். வாள்கூட எடுப்பார்கள். அப்படியொரு சண்டையில், அதற்குள் இல்லாத அந்தப் பெடியனின் தம்பி, பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். பிறகு ஒரு நாள் பெடியனின் தலையணைக்கு அடியில் அப்பா ஒரு கைத்துவக்கைக் கண்டார்.

"நான் பிடுங்கேல்லை. பிடுங்கினால் வேறை வாங்குவான். இருந்து கதைச்சன். 'மேல் துண்டு என்னட்டை, கீழ்த் துண்டு உன்னட்டை. உன்ரை ஆத்திரம் அடங்கின பிறகு ரெண்டு பேருமாப் போய் ரெண்டையும் ஒண்டா வாய்க்காலுக்கை போடுவம்' எண்டன். கழட்டித் தந்தான்."

"பிறகு?"

"அந்தக் கிழமையே, ரெண்டு மூண்டு நாளிலை, ஆளைக் காணேல்லை. உடுப்பெல்லாம் அப்பிடியே கிடந்தது. லண்டன் போட்டான் எண்டாங்கள். ஊருக்குப் போய் இயக்கத்திலை சேந்திட்டான் எண்டாங்கள். ஆளாளுக்கு ஒவ்வொரு கதை."

நான் அவர் பார்வையைப் பின்தொடர்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால், தெருவின் எதிர்ப்பக்கத்தில், மெற்றோவிலிருந்து இறங்குகிறவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். லா சப்பலுக்கு வரும் எந்தத் தமிழரும் அந்த வழியால்தான் வர வேண்டும். என் வாழ்நாள் முழுக்க அப்பா அந்த மேசையில் யாரைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சட்டத்தைச் சொன்னேன். அலுவலகத்தில் இப்படியொரு வழக்கின் கோப்பை நான் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன், அதனால் நிச்சயமாகத் தெரியும். பிரான்சில் துவக்கின் குழல், அதன் மேலே ஓடும் இரும்பு, பிடியுள்ள உடல், இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தப்பட்டவை. எந்தத் துவக்கின் துண்டோ, அந்தத் துவக்கின் வகுப்பில்தான் துண்டும் அடங்கும். அனுமதியில்லாமல் முழுத் துவக்கை வைத்திருப்பதற்கு என்ன தண்டனையோ, அதே தண்டனை. சிறைகூட வரலாம்.

"சுடேலாத இரும்புத் துண்டுக்கோ?"

"ஓமப்பா. சுடுமோ சுடாதோ எண்டு சட்டம் பாக்கிறேல்லை."

அப்பா தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "அப்ப அவனிட்டையும் ஒரு துவக்கு, என்னட்டையும் ஒரு துவக்கு. நான் பாதியாக்கினதை உங்கடை சட்டம் ரெண்டாக்கிப் போட்டுது."

"இப்ப அது எங்கை?"

"வீட்டிலைதான். மாதாவுக்குக் கீழை."

நான் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மடு மாதாவின் படத்துக்குக் கீழே தட்டில் ஒரு பால்மாத் தகரப் பேணி இருக்கும். மூடி இறுக்கமானது. நாங்கள் யாரும் தொடக்கூடாது. ஆண்டுதோறும் நாங்கள் கார்த்திகை என்று சொல்லும் நவம்பரில் அப்பா அதை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். திரும்பி வரும்போது கைநிறையப் பழைய அரிசி இருக்கும், அதைப் பல்கனியில் புறாக்களுக்குப் போடுவார். புது அரிசி போட்ட பேணியைத் திரும்ப வைத்ததும் அம்மா அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்துவார். செத்தவர்களுக்கான மெழுகுதிரி. அந்த வெளிச்சத்தில் பேணியின் தகரம் மூச்சு விடுவதுபோல் அசையும். நான் அதற்கு முன்னால் முழந்தாளிட்டுப் பள்ளிச் சோதனைகளுக்காக மன்றாடியிருக்கிறேன். உள்ளே இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பேணியை எடுத்துக் குசினி மேசையில் வைத்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, இது கார்த்திகையும் இல்லையே? ஏன் அதை இறக்கினனீங்கள்?"

அப்பா மூடியைத் திறந்து ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்தார். அரிசி சரிந்தது. அரிசிக்குள் பழைய சாரத் துணித் துண்டொன்றால் சுற்றிய பொட்டலம். பிரித்தார். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான கறுப்பு இரும்பு. ஒரு முனையில் வட்டத் துவாரம். துருவே இல்லை. அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்றுதான் அரிசிக்குள் வைத்தாராம்.

அம்மா கிட்ட வந்து பார்த்தார். "இதென்ன, மெசினின்ரை சாமானோ?"

"துவக்கின்ரை," என்றார் அப்பா.

அம்மாவின் கையிலிருந்து மீன் தண்ணீர் தரையில் சொட்டியது. "கலியாணம் முடிச்சு வந்த நாள் கேட்டன், இதுக்குள்ளை என்ன எண்டு. 'அது ஒராளின்ரை, தொடாதை' எண்டியள். நான் உங்கடை வீட்டிலை செத்த ஆரோ ஒராளின்ரை கல்லறை மண்ணெண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் நான் ஒரு துவக்குக்கோ மெழுகுதிரி கொளுத்தினனான்? மாதாவே! பெடியனையும் முழந்தாளிலை இருத்திக் கும்பிட வைச்சனே!"

"அவன் கும்பிட்டுத்தானே பாஸ் பண்ணினவன்," என்றார் அப்பா. பகிடி எடுபடவில்லை. அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு அப்பா முழுக்கதையையும் அவரிடம் சொன்னார். அம்மா உடனே தீர்ப்புச் சொன்னார்: "இண்டைக்கே கொண்டுபோய் வாய்க்காலுக்கை போடுங்கோ." நான் மறித்தேன். அதைக் கொண்டுபோவதே குற்றம். வாய்க்காலையும் இடைக்கிடை வற்ற வைத்துத் துப்புரவாக்குவார்கள். காந்தம் கட்டிய கயிற்றைப் போட்டு இரும்பு பிடிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். பொலிஸுக்கு அறிவித்து ஒப்படைப்பதுதான் ஒரே வழி. தானாக ஒப்படைப்பவர்மேல் பெரும்பாலும் வழக்கு வைப்பதில்லை. உத்தரவாதம் இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்து அவர்கள் கண்டுபிடித்தால் குடியுரிமை மட்டுமில்லை, இருக்கிற அட்டையும் போகலாம். படித்தவன் சொல்கிறேன் என்ற குரலில் இதையெல்லாம் சொன்னேன்.

"ஒப்படைக்கேலாது," என்றார் அப்பா.

"ஏனப்பா? வாக்குக் குடுத்தபடியாலோ?"

அவர் அந்த இரும்பைத் திரும்பவும் சாரத் துண்டில் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்த பிறகுதான் சொன்னார்.

"நான் கடையிலை உனக்கு ஒண்டு சொல்லேல்லை. அந்தக் கிழமை ஸ்டாலின்கிராட்டிலை, பாலத்துக்குக் கீழை, இவன்ரை தம்பியை வெட்டின கூட்டத்துப் பெடியன் ஒருத்தனுக்கு வெடி விழுந்தது. ஆள் அவடத்திலையே முடிஞ்சுது. இவன் எனக்கு இதைக் கழட்டித் தந்தது அதுக்கு அடுத்த நாள்."

"லேசாத் தந்திட்டான், தம்பி. நான் மல்லுக்கட்ட வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு போனன். அவன் உடனை கழட்டித் தந்தான். ஏன் அவ்வளவு லேசாத் தந்தவன் எண்டு அண்டையிலை இருந்து யோசிக்கிறன். குழாயை வைச்சு எந்தத் துவக்காலை சுட்டதெண்டு பிடிப்பினமாமே? ரீவீயிலை காட்டிறாங்கள்."

ஓம், பிடிப்பார்கள். குழலின் உட்புறம் ஒவ்வொரு குண்டிலும் தன் கீறலை விட்டுவிடும். இரண்டு துண்டுகளில் சாட்சி சொல்லக்கூடிய துண்டு, குழல் உள்ள மேல் துண்டு, அப்பாவிடம்தான் இருந்தது. அவன் சுட்டிருந்தால், சுட்ட குழலை இத்தனை காலம் துருப்பிடிக்காமல் பாதுகாத்தவர் அப்பா. கொலைச் சாட்சியத்தை மறைத்தது என்றுதான் சட்டம் அதைப் பார்க்கும். ஆனால் அப்பாவின் பயம் சிறையைப் பற்றியது இல்லை என்பதும் தெரிந்தது. அந்தப் பெடியன் கொலைகாரனா என்ற கேள்வியை அவர் அரிசிக்குள் போட்டு மூடி வைத்திருந்தார். திறந்தால் பதில் வந்துவிடும்.

முடிவு எடுத்தது அம்மாதான். தாம்பாளத்தில் கிடந்த அரிசியைக் கையால் ஒதுக்கியபடி சொன்னார்: "குடுங்கோ. நான் ஒவ்வொரு வருசமும் செத்தவைக்கெண்டுதான் கொளுத்தினன். ஆருக்குக் கொளுத்தினன் எண்டு எனக்குத் தெரியவேணும். வெட்டுப்பட்ட தம்பிக்கோ, வெடிபட்ட பெடியனுக்கோ, ஆருக்கு?"

அடுத்த நாள் என் அலுவலக வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கொண்டுபோக வேண்டாம், தொலைபேசியில் அறிவியுங்கள், அவர்கள் வந்து எடுப்பார்கள் என்றார். "அப்பாவிடம் சொல்லுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில். கூடுதலாக எதுவும் வேண்டாம்."

வந்தவர்கள் இருவர். ஒரு பெண் அதிகாரி, ஓர் இளைஞன். அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு, மாதாவின் படத்தையும் மேசையிலிருந்த பேணியையும் மாறி மாறிப் பார்த்தார். அரிசி எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "நல்ல யோசனை" என்று குறித்துக்கொண்டார். பிறகு, இது யாருடையது என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அவர்கள் வருவதற்கு முன்பு அப்பா தெரியாதென்று சொல்லப்போவதாகச் சொல்லியிருந்தார். நானும் அதற்கு ஆயத்தமாக இருந்தேன்.

"பேர் தெரியும். சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

"அப்பா..."

"நீ படிச்சவன். நான் சொன்னதைத்தான் சொல்லவேணும்."

சொன்னேன். அந்தப் பெண் பேனாவை நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தபடியே தொடர்ந்தார்: "இன்னொண்டும் சொல்லு. அந்தக் காலத்திலை ஸ்டாலின்கிராட்டிலை பாலத்துக்குக் கீழை ஒரு தமிழ்ப் பெடியனைச் சுட்டவங்கள். அந்தக் குண்டு பொலிஸிட்டை இருக்கும். இதோடை ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லு."

கூடுதலாக எதுவும் வேண்டாம் என்ற வழக்கறிஞரின் குரல் என் காதுக்குள் கேட்டது. அம்மா அடுப்படியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தேன். என் படிப்பை அவ்வளவு பாரமாக நான் ஒருபோதும் தூக்கியதில்லை.

அவர்கள் இரும்பை ஒரு பையில் இட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். பேணியை விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அதைக் கழுவித் திரும்பவும் மாதாவுக்குக் கீழே வைத்தார். ஏன் வைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வீடு உண்மையாகவே பேய் பிடித்ததுபோல் ஆனது. வெறும் பேணி, உள்ளே இரும்பு இருந்த காலத்தைவிடக் கூடுதலாக அறையை நிரப்பியது. நான் அதைக் கடக்கும்போது தோளைத் திருப்பிக்கொண்டு போனேன். அப்பாவை ஒருமுறை வாக்குமூலத்துக்கு அழைத்தார்கள். வழக்கறிஞரும் நானும் போனோம். அங்கேயும் பேரைச் சொல்ல மறுத்தார். குடியுரிமைக் கோப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அப்பாவின் அக்கா தொலைபேசியில் அழைக்கும்போது, இப்போது வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பிரித்துப் பார்க்கிறேன் என்றார்.

ஞாயிறுகளில் அப்பா அதே மேசையில் இருந்தார். நானும் தெருவைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். மெற்றோப் பக்கமிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழர் தனியாக வந்தால் நான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் ஒருவர் கடை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பா பாதி எழுந்துவிட்டார். அந்த மனிதர் மிக்சர் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கார்த்திகை வந்தது. ஆத்துமாக்கள் திருநாளன்று கோவிலில் செத்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். வீட்டில் அம்மா மெழுகுதிரி கொளுத்தவில்லை. "பதில் வரட்டும்" என்றார்.

பதில் குளிர்காலம் முடியும் தறுவாயில் வந்தது. கையெழுத்திட அப்பாவை அழைத்திருந்தார்கள். அதே பெண் அதிகாரி. அரச வழக்கறிஞர் வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை, ஆயுதப் பகுதி அழிக்கப்படும் என்றார். அப்பா கையெழுத்திடாமல் என்னைப் பார்த்தார். கேட்டேன். அதிகாரி கணினித் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஒப்பிட்டுப் பார்த்தோம், அந்தக் குண்டு இந்தக் குழலிலிருந்து வந்ததில்லை. இந்தக் குழல் வேறெந்த வழக்கோடும் பொருந்தவில்லை.

"திருப்பிக் கேள்," என்றார் அப்பா. திருப்பிக் கேட்டேன். அதே பதில்.

வெளியே வந்ததும் எனக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. "அப்பா, இனிக் கோப்பு நகரும். மன்னார் மாமியைப் பாக்கலாம். அவன் சுடேல்லை அப்பா!"

"ஓம், சுடேல்லை," என்றார்.

லா சப்பலில் இறங்கினோம். கடைக்குள் போனோம். கண்ணாடியோர மேசை காலியாகத்தான் இருந்தது. அப்பா அதைக் கடந்து உள்ளே போய், சமையலறைச் சுவரைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கடைக்காரர் தேத்தண்ணியோடு வந்தார். "என்னண்ணை, உங்கடை மேசை சும்மாதானே கிடக்கு?"

"காணும், தம்பி. பாத்தது போதும்."

கடைக்காரர் போனபின் அப்பா என்னிடம் சொன்னார். "அவன் சுட்டிருந்தால் ஓடியிருப்பான். எங்கையாவது ஒளிச்சு இருப்பான் எண்டு நினைக்கலாம். சுடாதவன் ஏன் ஓடுறான்? உடுப்பையும் விட்டுட்டு, சம்பளத்தையும் விட்டுட்டு?" தேத்தண்ணிக் கோப்பையை அருகே இழுத்தார். "அவன்தான் செய்தவன் எண்டு மற்றக் கூட்டத்துப் பெடியள் நினைச்சிருப்பாங்கள். அவங்கள் பழி தீர்க்க வரேக்கை அவன்ரை கையிலை அரைவாசித் துவக்குத்தான் இருந்திருக்கும். மற்ற அரைவாசியை நான் வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

அது உங்கள் பிழையில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், மரியாதைக்காக.

வீட்டில் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ விளங்கிக்கொண்டார். அப்பா அதிகாரி சொன்னதைச் சொன்னார். கடையில் என்னிடம் சொன்னதையும் சொன்னார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அலுமாரியிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து, வெறும் பேணியின் முன்னால் நட்டார். நெருப்புக்குச்சியை உரசப் போனவர் நிறுத்தினார்.

"பேர் என்ன?"

அப்பா பேணியின் மூடியைத் தொட்டார்.

"பொலிஸுக்குச் சொல்லாதது சரி. எனக்குச் சொல்லுங்கோ. பேரில்லாமல் எப்பிடி மண்டாடிறது?"

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு மாதாவைப் பார்த்தார். பேரைச் சொன்னார். ஞானஸ்நானப் பேரும் வீட்டுப் பேரும், இரண்டும். அம்மா அவற்றைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே திரியைப் பற்ற வைத்தார். அவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் எங்களோடு இருந்தவரின் பேரை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். முழந்தாளிட்டேன். அந்தப் பேரை இங்கே நான் எழுதப்போவதில்லை.